விளம்பரம் தடுக்க 8,500 ரூபா கட்டினோம், கூடவே வந்தது வேறு

யாழ்ப்பாணத்தில் கொம்பியூட்டரைத் திருத்தக் கடைக்குக் கொடுக்கிறவர்கள், அதிலும் வயதான அப்பா அம்மா பழைய டெஸ்க்டொப் ஒன்றில் பேப்பரும் யூடியூப்பும் பார்த்துக்கொண்டிருக்கிற வீட்டுப் பிள்ளைகள், இதை ஒருக்கா வடிவாக வாசியுங்கள். கடையின் பெயரை எழுதவில்லை. வழக்கு வம்பு எனக்கு வேண்டாம், அதோடு இது ஒரு கடையோடு நிற்கிற பழக்கம் என்றும் நான் நம்பவில்லை.

அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர், வீடு கொக்குவிலில். காலையில் தேத்தண்ணியோடு இருந்து கொம்பியூட்டரைப் போட்டால் முதல் வேலை மரண அறிவித்தல் பார்ப்பது. ஆர் செத்தது, எந்த ஊர், பிள்ளைகள் கனடாவிலா பாரிசிலா, தன்னிடம் படித்தவரின் தகப்பனோ என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க அரை மணித்தியாலம் போகும். அப்படிப் பார்க்கிற தளம் ஒன்றிலிருந்து எங்கேயோ தாவி, "நீங்கள் ரோபோ இல்லையென்றால் அனுமதி என்பதை அழுத்தவும்" என்று வந்த பெட்டியில் அழுத்திவிட்டார். அன்றிலிருந்து திரையின் வலது கீழ் மூலையில் பத்து நிமிடத்துக்கு ஒருதரம் சிவப்புப் பெட்டி: உங்கள் கணினியில் 5 வைரஸ், உடனே சுத்தம் செய்யவும். குரோமை மூடினாலும் அது வருகிறது. சரியான அரியண்டம்.

உண்மையில் அது வைரஸே இல்லை. அறிவித்தல் அனுப்ப ஒரு தளத்துக்கு நாங்களே கொடுத்த அனுமதி, அவ்வளவுதான். குரோமின் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குள் போய், தள அமைப்புகளில் அறிவிப்புகள் என்ற இடத்தில் அந்தத் தளத்தின் பெயரை அழித்தால் முடிந்தது. நான் கொழும்பில் வேலை, போனிலேயே சொல்லியிருப்பேன். "உன்னை ஏன் வேலை நேரத்தில கரைச்சல்படுத்துவான் எண்டு விட்டனான்" என்றார் அப்பா.

அதனால் ஓட்டோ பிடித்து, டவரைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போயிருக்கிறார். கடையில் இருந்த பெடியன் போட்டுப் பார்த்துவிட்டு, வைரஸ் நிறைய இருக்கிறது, சும்மா சுத்தம் செய்தால் திரும்ப வரும், விளம்பரத் தடுப்பும் பாதுகாப்பும் சேர்த்து ஒரு வருட பக்கேஜ் 8,500 ரூபா என்றானாம். அப்பாவுக்கு விளம்பரம் வராது என்ற ஒரு சொல்லே போதும். காசைக் கட்டிவிட்டு வந்துவிட்டார். இரண்டு நாளில் டவர் வந்தது, சிவப்புப் பெட்டியும் போய்விட்டது. ஆள் சந்தோசம், பெரியம்மாவுக்கும் போன் எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

ஒரு மாதம் கழித்து நான் லீவில் வந்தேன். வங்கிக் கணக்கில் ஓய்வூதியம் விழுந்துவிட்டதா பார் என்று என்னை இருத்தினார். வங்கியின் உள்நுழையும் பக்கம் வந்தது, பெயர் போடும் கட்டத்துக்குக் கீழே மூட்டுவலி எண்ணெய் விளம்பரம் ஒன்றும் வந்தது. எந்த வங்கி தன் பாஸ்வேர்ட் கேட்கிற பக்கத்தில் மூட்டுவலி எண்ணெய் விற்கும்? என் லாப்டாப்பில் அதே பக்கத்தைத் திறந்தேன், சுத்தமாக இருந்தது. அப்போதுதான் வயிற்றில் ஏதோ செய்தது.

குரோமின் வலது மேல் மூலையில் இருக்கிற மூன்று புள்ளியை அழுத்தினால் வரும் பட்டியலில், ஆகக் கீழே ஒரு வரி: "உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது." அப்பாவுக்கு ஏது நிறுவனம்? பென்சன் எடுக்கிற மனுசன். அலுவலகக் கொம்பியூட்டர்களில் அந்த வரி சாதாரணம், ஏனென்றால் அங்கே நிர்வாகி இருப்பார். வீட்டுக் கொம்பியூட்டரில் அது தெரிந்தால், விண்டோஸின் அமைப்புகள் எல்லாம் பதிந்திருக்கிற ரெஜிஸ்ட்ரிக்குள் யாரோ ஒரு கட்டளையை எழுதி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சில அன்டிவைரஸ்களும் அப்படி எழுதும் என்பது உண்மை, அதனால் கண்டவுடன் பதற வேண்டாம், ஆனால் பார்க்காமல் விடவும் வேண்டாம். குரோமோடு சேர்த்துப் போடுகிற சின்ன நிரல்கள், அதாவது நீட்டிப்புகள், இருக்கிற பக்கத்தைத் திறந்தேன். கேடயப் படம் போட்ட ஒரு "தடுப்பான்", பெயர் எல்லாருக்கும் தெரிந்த தடுப்பானின் பெயரைப் போலவே, ஒரு சொல் மட்டும் வித்தியாசம். அகற்றும் பொத்தானைக் காணவில்லை, நிர்வாகி நிறுவியது என்று போட்டிருந்தது. அதற்கு இருந்த அனுமதி, எல்லா இணையத்தளங்களிலும் உள்ள உங்கள் தரவு அனைத்தையும் வாசிக்கவும் மாற்றவும்.

இதை விளங்கிக்கொள்வது முக்கியம். நல்ல தடுப்பானும் ஏறக்குறைய அதே அனுமதியைத்தான் கேட்கும், ஏனென்றால் பக்கத்தைப் பார்க்காமல் அதிலிருக்கிற விளம்பரத்தை எப்படி எடுப்பது? ஆனால் அதே திறப்பால் விளம்பரத்தை எடுத்த இடத்தில் தன்னுடைய விளம்பரத்தை வைக்கலாம், எந்தப் பக்கத்துக்குப் போகிறீர்கள் என்று குறித்து வைக்கலாம், நீங்கள் தட்டுகிற எழுத்தைக்கூட வாசிக்கலாம். அப்பாவின் கொம்பியூட்டரில் மற்றவர்களின் விளம்பரம் உண்மையாகவே நின்றிருந்தது. வந்ததெல்லாம் கேடயத்தின் சொந்த விளம்பரம்.

இது புதுக் கதையும் இல்லை. 2018 ஏப்ரலில் குரோமின் சொந்த நீட்டிப்புக் கடையிலேயே ஐந்து போலித் தடுப்பான்கள் பிடிபட்டன, அவற்றை 2 கோடிக்கு மேற்பட்டவர்கள் போட்டிருந்தார்கள். 2020 இல் நானோ அட்பிளொக்கர் என்ற நல்ல தடுப்பானை அதைச் செய்தவர் வேறு ஆட்களுக்கு விற்க, வாங்கியவர்கள் பயனரின் தரவை எடுக்கிற நிரலை அதற்குள் வைத்தார்கள். அன்டிவைரஸ் என்றால் பத்திரம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று: பின்தொடர்வதைத் தடுப்போம் என்று சொல்லிக்கொண்டே மக்களின் உலாவல் விபரத்தை விற்றதற்காக அவாஸ்ட் நிறுவனம் 1 கோடியே 65 இலட்சம் டொலர் கட்ட வேண்டும் என்று 2024 இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் சொன்னது.

சரி, எங்கள் வீட்டுக்கு வருவோம். கேடயத்தோடு கதை முடியவில்லை. வேறு இடத்திலிருந்தே ஒரு கொம்பியூட்டரை இயக்க உதவுகிற எனிடெஸ்க் இருந்தது. அது நல்ல சொஃப்ட்வெயார்தான், நானும் வேலையில் பாவிக்கிறேன். ஆனால் இங்கே கொம்பியூட்டர் போட்டவுடன் தானே ஓடத் தொடங்கும்படியும், இந்தப் பக்கம் யாரும் "ஓம்" சொல்லாமலே வெளியிலிருந்து உள்ளே வரக்கூடியதாக பாஸ்வேர்ட் வைத்தும் விட்டிருந்தார்கள். அப்பாவுக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது.

பிறகு டவரைத் திருப்பிப் பார்த்தேன். பக்கவாட்டில் ஒரு வெள்ளை டேப், அதில் கறுப்பு மார்க்கரால் அப்பாவின் பெயர், போன் இலக்கம், அதற்குக் கீழே விண்டோஸ் பாஸ்வேர்ட், அதற்கும் கீழே ஜிமெயில் பாஸ்வேர்ட். கொட்டை எழுத்தில், ஓட்டோக்காரர் உட்பட எல்லாரும் வாசிக்கும்படி. "அவங்கள் கேட்டவங்கள், குடுத்தனான்" என்றார். விளம்பரத்தைத் தடுக்க ஜிமெயில் பாஸ்வேர்ட் எதற்கு? எதற்குமே இல்லை.

அடுத்த நாள் ரசீதோடு கடைக்குப் போனேன். ரசீதில் "பாதுகாப்பு பக்கேஜ் 1 வருடம்" என்பதைத் தவிர, என்ன சொஃப்ட்வெயார் என்று ஒரு சொல் இல்லை.

"தம்பி, இதில என்ன போட்டனீங்கள்?"

"அட் பிளொக்கர் அண்ணை. பிரீமியம்."

"எங்கயிருந்து எடுத்தனீங்கள்?"

"கூகுளில அடிச்சா முதலாவதா வரும் அண்ணை."

அந்தப் பெடியன் பொய் சொன்னான் என்று நான் நினைக்கவில்லை. கூகுளில் முதலில் வருவது பல நேரம் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். போலி ஆட்கள் நல்ல சொஃப்ட்வெயாரின் பெயரில் அப்படி விளம்பரம் வாங்குகிறார்கள் என்றும், தேடும்போது விளம்பரத் தடுப்பான் பாவியுங்கள் என்றும் அமெரிக்காவின் எஃப்பிஐயே 2022 டிசம்பரில் எச்சரித்தது. ஆக, விளம்பரத்தை நிறுத்தப் போனவனை விளம்பரமே பேய்க்காட்டியிருக்கிறது. ஆனால் அகற்ற முடியாதபடி பூட்டு விழுந்ததைப் பார்க்காமல் கொடுத்ததும், சும்மா கிடைக்கிற சாமானுக்கு 8,500 வாங்கியதும் கடையின் வேலைதானே.

முதலாளி உள்ளேயிருந்து வந்தார். எனிடெஸ்க் எதற்கு என்று கேட்டேன். "பேந்து ஒரு பிரச்சினை எண்டா ஐயா அலையத் தேவையில்லை, நாங்கள் இங்கயிருந்தே பாப்பம்" என்றார். ஐயாவிடம் கேட்டீர்களா என்றேன். பதில் இல்லை. காசைத் திருப்பித் தரமாட்டார்களாம், வேண்டுமென்றால் இன்னொரு 2,500 கொடுத்தால் முழுக்க அழித்துப் புதிதாகப் போட்டுத் தருவார்களாம்! கதைத்துக்கொண்டிருக்கும்போதே கீழே பார்த்தேன். நிலத்தில் வரிசையாக ஏழெட்டு டவர், இரண்டு மூன்று லாப்டாப், எல்லாவற்றிலும் வெள்ளை டேப். குனிந்தால் வாசிக்கலாம்.

வீட்டுக்கு வந்து செய்ததைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். முதலில் இணையக் கேபிளைக் கழற்றினேன். பாஸ்வேர்ட்களை அந்தக் கொம்பியூட்டரில் மாற்றவே கூடாது, அதனால் என் போனில் அப்பாவின் ஜிமெயிலை மாற்றி, மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பும் போட்டு, பிறகு வங்கிக்குப் போன் எடுத்தேன். கேடயத்தை மட்டும் பிடுங்கினால் காணாதா என்று கேட்பீர்கள். ரெஜிஸ்ட்ரியில் அந்தக் கட்டளையை அழித்தால் பொத்தான் திரும்ப வரும், ஆனால் வேறு என்ன வைத்தார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? படங்களையும் பென்சன் கடிதங்களையும் வெளி டிஸ்க்கில் கொப்பி எடுத்துவிட்டு, மைக்ரோசொஃப்ட் இலவசமாகத் தருகிற கருவியால் பென்டிரைவ் செய்து, விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். ஒரு பின்னேரம் போனது.

விளம்பரத்துக்கு, குரோமுக்குப் பதில் ஃபயர்பொக்ஸ் உலாவியும், அதில் யூபிளொக் ஒரிஜின் என்ற தடுப்பானும், அவ்வளவுதான். அந்தத் தடுப்பானை ரேமண்ட் ஹில் என்பவர் 2014 இலிருந்து செய்கிறார், காசு கேட்பதில்லை, நன்கொடைகூட வாங்குவதில்லை. "ஒரிஜின்" என்ற சொல்லைக் கவனியுங்கள், அது இல்லாமல் வெறும் யூபிளொக் என்று இருப்பது வேறு ஆட்களுடையது. கூகுளில் தேடாமல் ஃபயர்பொக்ஸின் சொந்த நீட்டிப்புக் கடைக்குள் போய் எடுங்கள். குரோம் விதிகளை மாற்றியதால் 2025 இலிருந்து அதில் முழு யூபிளொக் ஒரிஜின் ஓடாது, அதன் லைட் பதிப்பு மட்டும்தான், அது கொஞ்சம் பலம் குறைவு. அன்டிவைரஸுக்கு விண்டோஸோடு வருகிற டிஃபெண்டர் அப்பா போன்றவர்களுக்குத் தாராளம். வைரஸ் என்று சொல்லி போன் இலக்கத்தோடு பெட்டி வந்தால் மூடிவிடுங்கள், மைக்ரோசொஃப்டின் பிழைச் செய்தியில் போன் இலக்கம் வராது. குரோமின் இன்கொக்னிட்டோ என்ற மறைவு ஜன்னலில் பார்த்தால் யாருக்கும் தெரியாது என்பதும் பிழை, அது வீட்டிலுள்ளவருக்கு மட்டும்தான் மறைக்கும்.

கடைக்குக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், முடிந்தால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள், இல்லாவிட்டால் பாஸ்வேர்ட் இல்லாத புதுக் கணக்கு ஒன்றைத் திறந்து அதைக் கொடுங்கள். மெயில் பாஸ்வேர்ட் கேட்டால் டவரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இப்போது பெரியம்மாவுக்குப் போன் எடுத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அப்பா சொன்னாரென்று போன கிழமை அவவும் லாப்டாப்பை அதே கடையில் கொடுத்து எடுத்திருக்கிறா. மேல் மூலையில் என்ன படம் இருக்கிறது என்று கேட்டேன். "கேடயம் மாதிரி ஒண்டு கிடக்கு தம்பி, அது நல்லதெல்லே?" என்கிறா. பென்டிரைவை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்.