அரசுப் பல்கலைக்கழகமா, தனியாரா? விரிவுரையாளராக விரும்பும் தோட்டப்புற இளையோருக்கு

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங் போன்ற தோட்டப்புற நகரில் வளர்ந்து விரிவுரையாளராக விரும்பும் பிள்ளைக்கு, அருகிலுள்ள செமெலிங்கில் ஏய்ம்ஸ்ட் என்னும் தனியார் பல்கலைக்கழகமும், சற்றுத் தொலைவில் 1969-இல் தொடங்கிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், 1984-இல் தொடங்கிய வட மலேசியப் பல்கலைக்கழகம் ஆகிய அரசுப் பல்கலைக்கழகங்களும் உள்ளன.

அரசுப் பணிக்கு இன்று பெரும்பாலும் முனைவர் பட்டம் எதிர்பார்க்கப்படுகிறது. பதவி உயர்வில் ஆய்வுக் கட்டுரைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.-இல் மலாய்மொழிப் பாடத்தில் கிரெடிட் (சாதாரணத் தேர்ச்சிக்கு மேலான தரம்) இல்லையேல் அரசுப் பல்கலைக்கழகத்தில் நிரந்தர விரிவுரையாளராக வழியில்லை என்பதைப் பதினேழு வயதிலேயே பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். பலருக்கு இது காலங்கடந்தே தெரியவருகிறது.

தனியாரில் முதுகலைப் பட்டத்துடன் இளங்கலை மாணவர்களுக்குக் கற்பிக்கத் தொடங்கலாம். ஆனால் வகுப்புச் சுமை பொதுவாக அதிகம். மாணவர் சேர்க்கை குறைந்தால் வேலையும் ஆட்டம் காணும்.

வீட்டுக்கு உடனே வருமானம் தேவைப்படும் குடும்பத்தில், தனியாரில் சேர்ந்து பகுதிநேரமாக முனைவர் பட்டம் முடித்து, பின்னர் அரசுப் பணிக்கு விண்ணப்பிப்பதே நடைமுறைக்கு உகந்தது என்று உறுதியாகக் கருதுகிறேன். அவ்வாறு சேர்வோர், வாரத்துக்கு எத்தனை மணிநேரம் கற்பிக்க வேண்டும், முனைவர் படிப்புக் கட்டணத்தில் ஒரு பங்கைப் பல்கலைக்கழகம் ஏற்குமா என்பவற்றை நேர்முகத் தேர்விலேயே கேட்டு, பதிலை நியமனக் கடிதத்தில் எழுத்தாகப் பெறுங்கள்.