நாகர்கோவிலில் இரவு விருந்து: ஹோட்டல் ஹாலா, கடற்கரைப் புல்வெளியா, தீம் உணவகமா, திருவனந்தபுரமா?

ரிசப்ஷன், அறுபதாம் கல்யாணம், பழைய மாணவர் கூடுகை, கம்பெனி ஆண்டுவிழா என்று எதற்கு இடம் தேடினாலும் முதலில் கண்ணில் படுவது சரவிளக்கும் செல்ஃபி மூலையும்தான். கேட்க வேண்டிய கேள்வி இரண்டே: எத்தனை பேர், எத்தனை மணிக்கு முடியும்? இந்த மாவட்டத்தில் இரவு விருந்து சொதப்பினால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று தப்பிப்போயிருக்கும்.

ஹோட்டல் ஹால்

‘300 பேர் ஹால்’ என்று மேனேஜர் சொல்வது நாற்காலியை வரிசையாகப் போட்டால் வரும் கணக்கு. அதற்கு ஒருவருக்கு 8 சதுர அடி போதும். எட்டுப் பேர் உட்காரும் 5 அடி வட்ட மேசை போட்டால் ஆளுக்கு 12 முதல் 15 சதுர அடி வேண்டும். மேடை, புபே, ஆடும் இடம் எல்லாம் அதற்கு மேல். ஆக அந்த 300 பேர் ஹாலில் மேசை போட்டு உட்கார வைக்க முடிவது ஏறக்குறைய பாதிப் பேரைத்தான். சதுர அடியைக் கேட்டு நீங்களே வகுத்துப் பாருங்கள்.

அடுத்தது ஏசி. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் உடம்பிலிருந்தே 100 வாட் அளவுக்கு வெப்பம் வெளியேறும்; ஆட ஆரம்பித்தால் இரண்டு மூன்று மடங்கு. ஒரு டன் ஏசி இழுத்து வெளியேற்றுவது 3.5 கிலோவாட். 200 பேர் என்றால் ஆட்களின் சூட்டுக்கு மட்டுமே கிட்டத்தட்ட 6 டன் போய்விடும். விளக்கு, சாப்பாட்டு அடுப்பு, பகலெல்லாம் வெயில் குடித்த கூரை எல்லாம் தனி. கூட்டம் வந்த பிறகு ஏசி போட்டால் ஹால் குளிராது. 7 மணி விருந்துக்கு 5 மணிக்கே போடச் சொல்லி எழுதி வாங்குங்கள். கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஏசியையும் இழுக்குமா, லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டுமா என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். கேட்காதவர்கள்தான் அதிகம்.

ஹாலின் பெரிய வசதி ஒலிபெருக்கி. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்குக்கு விலக்கு உண்டு. அதிலும் சத்தம் வளாகத்தைத் தாண்டிப் பக்கத்து வீட்டை எட்டக் கூடாது. குடியிருப்புப் பகுதியில் இரவு வரம்பு 45 டெசிபல், கடைவீதியில் 55. ஜன்னல் திறந்த ஹாலில் டிஜே போட்டால் 10 மணிக்கு மேல் போலீஸ் வருவது நிச்சயம்.

10 மணிக்குள் டிஜே தொடங்காமலே போவதும் உண்டு. காரணம் மேடை வரிசை. 300 பேர் நான்கு நான்காக ஏறினால் 75 குழு. ஒரு குழுவுக்குப் பரிசு, கைகுலுக்கல், போட்டோ என்று 40 விநாடி வைத்தாலும் 50 நிமிடம். மாப்பிள்ளை பொண்ணு மேடைக்கு வருவதே ஏழரை மணி என்றால் மீதியைச் சொல்ல வேண்டாம். மேடை வரிசை ஓடும்போதே சாப்பாட்டைத் திறந்துவிடுவதுதான் வழி. இரண்டு பக்கமும் எடுக்கிற புபே 100 பேருக்கு ஒன்று என்று வையுங்கள்.

சாப்பாடு? ஹோட்டல் பேக்கேஜில் நான், பனீர், கோபி மஞ்சூரியன் வரும். போளியும் பால் பாயசமும் எதிர்பார்த்து வரும் நாஞ்சில் நாட்டுச் சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். பல ஹோட்டல்களில் வெளிச் சமையலை உள்ளே விடமாட்டார்கள். இனிப்பை மட்டும் வெளியிலிருந்து கொண்டுவர அனுமதி கேட்டால் சில இடங்களில் கிடைக்கும். தவசிப்பிள்ளையை (விருந்துச் சமையல்காரரை) வைத்து ஆக்குப்புரையில் (சமையல் கொட்டகையில்) சமைப்பதுதான் வேண்டுமென்றால் கல்யாண மண்டபத்துக்கோ பங்குக் கோயில் ஹாலுக்கோ போங்கள். ருசியில் ஹோட்டல் பக்கத்தில்கூட வராது.

பிளேட் எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைத்தே உறுதி கொடுங்கள். சொன்ன எண்ணிக்கைக்குக் குறைவாக ஆள் வந்தாலும் முழுப்பணம் கட்ட வேண்டும். கூட வந்தால் கூடுதல் பிளேட்டுக்கு மட்டும்தான் கட்டுவீர்கள். எத்தனை சதவீதம் கூடுதலாகச் சமைத்து வைப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டியையும் பாருங்கள்: சாதாரண உணவகத்தில் 5 சதவீதம், அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் பெரிய ஹோட்டலில் 18. பிளேட் 1,000 ரூபாய், 200 பேர் என்றால் வித்தியாசம் மட்டும் 26,000. சர்வீஸ் சார்ஜ் என்று தனியாகப் போட்டால் கட்ட வேண்டியதில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது.

தேதியில்தான் பேரம். மார்கழியிலும் ஆடியிலும் இந்துக் கல்யாணம் இல்லை. தவக்காலத்தில் கத்தோலிக்கக் குடும்பங்கள் வைப்பதில்லை. கல்யாணம் அல்லாத விருந்துக்கு இவை நல்ல நாட்கள். தை பிறந்தால் எல்லாரும் ஒரே ஹாலுக்கு முட்டுவார்கள். முகூர்த்த நாளில் தோவாளைப் பூச்சந்தையில் மல்லி விலை ஏறுவது போதாதென்று இதுவும்.

கடற்கரைப் புல்வெளி

கன்னியாகுமரிப் பக்கம் கடல் தெரியும் புல்வெளி, மொட்டைமாடி. படத்தில் இதை அடிக்க வேறொன்று இல்லை. ஆனால் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் காற்று மே முதல் செப்டம்பர் வரை இங்கேயும் உண்டு. இரண்டு பருவமழையும் இந்த மாவட்டத்துக்கு வரும். நவம்பர் நடுவிலிருந்து பொங்கல் வரை சபரிமலை சீசன். ரூம் கிடைக்காது, கிடைத்தால் விலை கிடைக்காது. கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது பொங்கலுக்குப் பிறகு மார்ச் வரை.

அப்போதும் காற்றுக்குத் தயாராக இருக்க வேண்டும். 20 அடி ஃப்ளெக்ஸ் பேனர் பாய்மரம் மாதிரி இழுத்துக்கொண்டு சாயும். வலைத்துணி போட்டு, பின்னால் மணல் மூட்டையில் கட்டச் சொல்லுங்கள். சாப்பாட்டுப் பாத்திரத்தின் அடியில் எரியும் ஜெல் அணைந்து அணைந்து பிரியாணி ஆறிவிடும். மின்சாரச் சூடாக்கி கேளுங்கள். மைக்குக்கு ஸ்பாஞ்ச் உறை போடாவிட்டால் வாழ்த்துரை முழுக்க ‘புஸ் புஸ்’ தான். திறந்தவெளி என்பதால் 10 மணிக்கு ஸ்பீக்கர் நிற்க வேண்டும், விலக்கு இல்லை. ஆகவே 5 மணிக்குத் தொடங்கி, சூரியன் மறைவதோடு நிகழ்ச்சியை வைத்து, ஒன்பதரைக்கு முடிப்பதுதான் சரி.

தீம் உணவகம்

குகை, ரயில் பெட்டி, காடு, கிராமத்து வீடு. 40 பேர் வரை, அதுவும் வாரநாளில், இதுதான் எங்கள் தேர்வு. வாடகை இல்லை, அலங்காரச் செலவு இல்லை, குழந்தைகள் தாங்களே விளையாடிக்கொள்ளும்.

திணறுவது சமையலறை. அங்கே அடுப்பு நாலு பேர் மேசைகளுக்கு அளந்து வைத்தது. 30 பேர் ஒரே நேரத்தில் ஆளுக்கொன்று ஆர்டர் சொன்னால் கடைசி ஆளுக்குச் சாப்பாடு வரும்போது முதல் ஆள் ஐஸ்கிரீமை முடித்திருப்பார். முந்தின நாளே ஐந்தாறு அயிட்டம் மட்டும் முடிவு செய்து, நடுவில் வைத்துப் பகிரச் சொல்லுங்கள். சனி ஞாயிறு ஒன்றரை மணி நேரத்தில் மேசையைக் காலி பண்ணச் சொல்வார்கள். கேக் வெட்டும் விருந்துக்கு அது பத்தாது.

உள்ளே நுழைந்ததும் இரண்டாவது வாசல் எங்கே என்று பாருங்கள். ஃபைபர் பாறை, பிளாஸ்டிக் இலை, தெர்மகோல் எல்லாமே எரியும் சாமான். மும்பை கமலா மில்ஸ் மொட்டைமாடி உணவகங்களில் 2017 டிசம்பர் 29 அதிகாலை பற்றிய தீயில் 14 பேர் இறந்தார்கள். பலர் வெளிவாசலை எட்ட முடியாமல் புகையில் மூச்சுமுட்டித்தான். ஒரே வாசல் உள்ள குகைக்கு, எவ்வளவு அழகாக இருந்தாலும், வேண்டாம். கேக்கில் வாணவேடிக்கை மெழுகுவர்த்தியும் அங்கே வேண்டாம்.

மது பற்றி: உரிமம் பெற்ற பார் உள்ள ஹோட்டலில் மட்டும். தீம் உணவகத்துக்கோ மண்டபத்துக்கோ பாட்டில் கொண்டுபோவது சிக்கலை விலைக்கு வாங்குவது.

திருவனந்தபுரம், கோவளம்

தூண் இல்லாத பெரிய பால்ரூம், உயரமான கூரை, நல்ல ஒலியமைப்பு வேண்டுமென்றால் நட்சத்திர ஹோட்டலுக்கு எல்லை தாண்டத்தான் வேண்டும். நாகர்கோவிலிலிருந்து நகருக்கு 65 கிலோமீட்டருக்கு மேல். தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை நெரிசலில் மாலையில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. கோவளம் கொஞ்சம் சுலபம், எல்லையை ஒட்டிய காரோடு என்ற ஊரிலிருந்து நாலுவழிச் சாலை இருக்கிறது.

வேன் எடுத்தால் பெர்மிட்டைப் பாருங்கள். தமிழ்நாட்டுக்குள் மட்டும் ஓடும் பெர்மிட் என்றால் கேரளத்துக்குத் தனி பெர்மிட்டும் வரியும் உண்டு. அதை முந்தின நாளே எடுக்காத டிரைவர் களியக்காவிளையில் உங்களை உட்கார வைப்பார். கேரளத்தில் மது அருந்தும் வயது 23, இங்கே 21. கல்லூரி முடித்த பையன்களின் கூடுகைக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இரவு தங்குவதாக இருந்தால் மட்டும் போங்கள். விருந்து 11 மணிக்கு முடிந்து அதே டிரைவர் திரும்ப ஓட்டினால் வீடு சேர ஒரு மணி. காலையிலிருந்து வண்டியோடு இருக்கிற ஆள் அவர். தங்க முடியாவிட்டால், திரும்ப ஓட்டுவதற்கு மட்டும் வரும் இரண்டாவது டிரைவருக்கு வாடகையிலேயே ஒரு தொகை பேசி வையுங்கள்.