குவெஸ்ட்டிபி: எட்டு மாதப் பழக்கத்துக்குப் பிறகு

நிஃப்டி 50 பங்குகளின் டிக் டேட்டாவை (ஒவ்வொரு விலை மாற்றத்தின் பதிவு) வீட்டில் சேமித்து ஆராய்வது என் மாலை நேர வேலை. முதலில் நாளுக்கொரு சிஎஸ்வி கோப்பாக வைத்து, பாண்டாஸ் என்ற பைத்தான் நூலகத்தில் ஏற்றிப் பார்ப்பேன். மூன்று மாதக் கோப்புகள் சேர்ந்ததும் லேப்டாப்பின் 16 ஜிபி ராம் போதவில்லை. அப்புறம்தான் நேரவரிசை டேட்டாவுக்கான டேட்டாபேஸான குவெஸ்ட்டிபிக்கு வந்தேன்.

இதை நான் விடாமல் வைத்திருக்க ஒரே ஒரு கட்டளைதான் காரணம்: ஆஸ்ஆஃப் ஜாயின். ஒரு பங்கு 10:02:07-க்கு 841.30 ரூபாய்க்குக் கைமாறியது என்று வையுங்கள். அந்த நேரத்தில் பிட் (வாங்குபவர் தரத் தயாராக இருக்கும் விலை) எவ்வளவு, ஆஸ்க் (விற்பவர் கேட்கும் விலை) எவ்வளவு என்று தெரிந்தால்தான் அது நல்ல விலையா என்று சொல்ல முடியும். ஆனால் பிட், ஆஸ்க் எல்லாம் வேறு டேபிளில், 10:02:05-க்கு ஒன்று, 10:02:09-க்கு ஒன்று என்று பதிவாகியிருக்கும். இரண்டு டேபிள்களை இணைக்கும் சாதாரண ஜாயினில் நேரம் பொருந்தாது, வெறுங்கைதான். ஆஸ்ஆஃப் ஜாயின் '10:02:07 வரை கடைசியாக இருந்தது எது' என்று பார்த்து 10:02:05 வரியை எடுத்துத் தந்துவிடும்.

யோசனை பழையதுதான். ஆர்தர் விட்னி உருவாக்கிய கேடிபி பிளஸ் டேட்டாபேஸ் 2003-இல் வந்தது. அதன் கியூ மொழியில் இந்த வேலைக்கு 'ஏஜே' என்று இரண்டே எழுத்து. வங்கிகளும் ஹெட்ஜ் ஃபண்டுகளும் பணம் கட்டி வாங்கிப் பயன்படுத்திய மென்பொருள் அது. கியூ வலமிருந்து இடமாகக் கணக்குப் போடும். அதில் 2*3+4 என்றால் 14. பழகியவர்களுக்கு அது சொர்க்கம் என்கிறார்கள், எனக்குப் பொறுமை இல்லை. பாண்டாஸிலும் 2016 முதல் இது உண்டு, ஆனால் டேட்டா மொத்தமும் ராமில் அடங்க வேண்டும். குவெஸ்ட்டிபி இதையே எல்லோருக்கும் தெரிந்த டேட்டாபேஸ் மொழியான எஸ்கியூஎல்லில், ஓப்பன் சோர்ஸாக, காசு வாங்காமல் தருகிறது. எனக்கு இது மிகப் பெரிய விஷயம்.

ஒன்றைக் கவனியுங்கள். தரகர் அனுப்பும் நேரலை ஃபீடில் கடைசி விலையும் பிட், ஆஸ்க்கும் ஒரே பாக்கெட்டில், ஒரே நேரத்தோடு வரும். ஆஸ்ஆஃப் ஜாயின் அதே நேரத்து வரியையும் சேர்த்துக்கொள்ளும். அதாவது வர்த்தகம் முடிந்த பிறகு மாறிய விலையை, முன்பே தெரிந்ததுபோல் காட்டிவிடும். அதற்கு எல்டி ஜாயின் இருக்கிறது, கண்டிப்பாக முந்தைய வரியை மட்டுமே எடுக்கும். அதற்கு மாற்றியதும் என் பேக்டெஸ்ட்டில் (பழைய டேட்டாவில் உத்தியைச் சோதித்துப் பார்ப்பது) இருந்த லாபம் பாதிக்கு மேல் காணாமல் போனது. போனதே நல்லது, அது பொய் லாபம்.

மணிக்கொரு கேண்டில் (அந்த நேரத்தின் தொடக்க, உச்ச, தாழ்ந்த, இறுதி விலைகள்) போட 'சாம்பிள் பை' கட்டளை போதும். ஆனால் உள்ளே நேரம் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் என்பதால், சும்மா 1 மணி என்று கொடுத்தால் முதல் கேண்டில் சந்தை திறக்கும் 9:15-இலிருந்து 9:30 வரை, வெறும் கால் மணி. டைம் ஸோனை ஆசியா/கொல்கத்தா என்றும் ஆஃப்செட்டை 00:15 என்றும் கொடுங்கள். 9:15 முதல் 10:15 வரை ஒழுங்காக வரும். நான் இதைக் கவனிக்க இரண்டு வாரம் ஆனது.

நெட் அறுந்து அதே டேட்டாவை மறுபடி அனுப்பினாலும், டேபிளில் டீடூப் போட்டிருந்தால் வரிகள் இரட்டிக்காது. குறை என்று பார்த்தால், தப்பாக வந்த ஒரு வரியை மட்டும் அழிக்க நான் வைத்திருக்கும் பதிப்பில் டெலீட் கட்டளை இல்லை. அந்த நாளின் பார்ட்டிஷனையே (அன்றைய டேட்டா மொத்தமும் உள்ள பகுதி) தூக்கிவிட்டுத் திரும்ப ஏற்றுகிறேன். அதற்காகவே பழைய சிஎஸ்விகளை இன்னும் அழிக்கவில்லை.

ஏற்கெனவே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் எல்லாம் வைத்திருப்பவர்கள் அதன் நீட்டிப்பான டைம்ஸ்கேல்டிபியைச் சேர்த்துக்கொண்டாலே போதும், நிமிடக் கேண்டில் வேலைக்கு அது நன்றாகவே ஓடும். டிக் டிக்காகப் பிட், ஆஸ்க்கோடு பொருத்திப் பார்ப்பவர் என்றால் குவெஸ்ட்டிபியைப் போடுங்கள்.