பாளையில் ஷூவுக்கு உள்தட்டு செய்துகொடுக்கும் மாடிக்கடை

குறுக்குத்துறையில் குளித்துவிட்டுப் படியேறும்போது மகனின் ஈரக்காலடியைப் பார்த்துதான் எனக்கு உறைத்தது. குதிகால் தனி, முன்பாதம் தனி. நடுவில் கல் காய்ந்தே கிடந்தது. பாதத்தின் வளைவு அவ்வளவு உயரம். அவனுக்கு 13 வயது. ஷூ வெளி ஓரம் மட்டும் தேயும். அடிக்கடி கணுக்கால் சுளுக்கும். நாங்களும் எண்ணெய் போட்டு நீவிக்கொண்டே இருந்தோம்.

முதலில் ஒரு கடையில் ரெடிமேட் இன்சோல் வாங்கினோம். அது தட்டைப் பாதத்துக்கானது. வளைவில் முட்டி, காலை வெளிப்பக்கம் தள்ளியது. சுளுக்கு கூடியதுதான் மிச்சம்.

அப்புறம்தான் பாளையங்கோட்டையில் இந்த மாடிக்கடைக்குப் போனோம். அண்ணாச்சி அளவு எடுக்கவேயில்லை. "உங்க வீட்ல வேற யாருக்கும் இந்த மாதிரி காலு உண்டுமா?" என்றுதான் கேட்டார். என் அம்மாவுக்கு உண்டு. கடைசிக் காலத்தில் செருப்பு காலில் நிற்காது. "அப்ப முதல்ல நரம்பு டாக்டர்ட்ட காட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். வந்த வியாபாரத்தை இப்படி விடுகிற ஆளை நான் பார்த்ததில்லை.

சோதனையில் சார்க்கோ-மாரி-டூத் என்று வந்தது. 1886-இல் இந்த நோயை விவரித்த மூன்று மருத்துவர்களின் பெயர்கள் அவை. பரம்பரையாக வரும் நரம்புக் கோளாறு. பாதத்தில் சில தசைகள் சோர, மற்றவை இழுத்து வளைவைத் தூக்கிவிடுகின்றன. ஒரு காலில் மட்டும் என்றால் முதுகுத்தண்டையும் ஸ்கேன் பார்ப்பார்களாம். இவனுக்கு இரண்டிலும் ஒரே மாதிரி.

மறுபடி கடைக்குப் போனபோது அண்ணாச்சி ஓர் அங்குல மரக்கட்டையை வைத்தார். குதிகாலும் வெளி ஓரமும் கட்டை மேல். பெருவிரலடி மேடு மட்டும் வெளியே, தரையில். "அசையாம நில்லுடே" என்று பின்னால் குத்தவைத்துப் பார்த்து, என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். உள்பக்கம் சாய்ந்திருந்த குதிகால் நேராக நின்றது! குதிகால் இன்னும் இறுகவில்லை, உள்தட்டு போட்டால் நேராக நிற்கும் என்றார்.

வெளி ஓரத்தை உயர்த்தி, பெருவிரலடி மேட்டுக்குப் பள்ளம் விட்டு 9 நாளில் கொடுத்தார். 2,800 ரூபாய். ஆறு மாதத்தில் ஒரே ஒரு சுளுக்கு. பாதத்தில் இருந்த காய்ப்பும் இளகிவிட்டது. இது நோயைத் தீர்க்காது என்பதை அவரே சொன்னார். கெண்டைக்கால் நீட்டும் பயிற்சி தினமும் உண்டு. குதிகால் இறுகினால் எலும்பைத் திருத்தி, தசைநாரை இடம் மாற்றும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்கிறார் டாக்டர்.

குறை என்றால் அந்தச் செங்குத்துப் படிதான். கால் சரியில்லாதவர்கள் வருகிற இடத்தில் கைப்பிடி வேண்டாமா? பள்ளி ஷூவும் ஒரு சைஸ் பெரிதாக வாங்கவேண்டியிருந்தது. போகிறவர்கள் தேய்ந்த பழைய ஷூவைக் கையோடு கொண்டுபோங்கள். அதைத்தான் முதலில் புரட்டிப் பார்க்கிறார்.