‘பயன்படுத்தாத பழைய சரக்கு’ என்று வரும் வாஷர் டேங்க்: மாட்டும் முன் சோதியுங்கள்

பழைய காருக்கு, ‘கம்பெனி சரக்கு, பெட்டி பிரிக்காதது’ என்ற உத்தரவாதத்தோடு விற்கப்பட்ட வாஷர் டேங்க் (முன் கண்ணாடியைக் கழுவும் தண்ணீர் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டி), தண்ணீர் ஊற்றிய மறுநாளே பம்ப் துளையைச் சுற்றிக் கசிந்தது. கழற்றிப் பார்த்தால் அது ஓடித் தேய்ந்த டேங்க். வெடிப்பில் பசை வைத்துத் தேய்த்து, மஞ்சள் நிறத்தை ப்ளீச் போட்டு வெளுத்திருக்கிறார்கள். திருப்பி எடுக்கச் சொன்னால், “வண்டியில் மாட்டிவிட்டீர்கள், இனி எங்கள் பொறுப்பில்லை” என்று விற்றவர் கைவிரித்துவிட்டார். இந்த மோசடிக்குப் பாதுகாப்பே அந்த நிபந்தனைதான். அதனால் மேசைமேல் வைத்துச் சோதிக்காத டேங்கை வண்டியில் மாட்டவே மாட்டாதீர்கள்.

இந்த டேங்குகளில் பெரும்பாலானவை பாலிஎத்திலீன். சூப்பர் குளூவும் எபாக்ஸியும் அதில் பிடிக்காது. ஒட்டியதுபோல் தெரியும், என்ஜின் சூட்டில் பிளாஸ்டிக் விரிந்து சுருங்க ஆரம்பித்ததும் பசை அப்படியே பெயர்ந்து வரும். அதே வகைப் பிளாஸ்டிக் கம்பியை உருக்கி வெல்டு செய்தால் நிற்கும், ஆனால் சூட்டில் மக்கிய டேங்க் என்றால் வெல்டுக்குப் பக்கத்திலேயே புதிதாக வெடிக்கும். வெளுத்தால் நிறம் மாறுமே தவிர, போன வலிமை திரும்பாது.

பணம் கொடுக்கும் முன் மூன்று இடங்களின் படம் கேளுங்கள்: பம்ப் துளையின் விளிம்பு, ஸ்க்ரூ மாட்டும் காதுகள், மூடிக் கழுத்தின் உள்பக்கம். காதில் ஸ்க்ரூ தலை அழுத்திய வட்டத் தடம் இருந்தால் அது ஏற்கெனவே வண்டியில் இருந்தது. கையில் வந்ததும் டார்ச்சை உள்ளே விட்டு இருட்டில் பாருங்கள்; பசை பூசிய இடம் தனி நிறத்தில் தெரியும், உப்புத்தாளில் தேய்த்த கீறலும் தெரியும்.

பிறகு பம்ப் துளையில் புது குரோமெட் (கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) போட்டு பம்பைச் செருகி, ஹோஸ் முனையை அடைத்து, கழுத்துவரை தண்ணீர் நிரப்பி, உலர்ந்த காகிதத்தின்மேல் ஒரு இரவு வையுங்கள். காலையில் பக்கங்களை மெல்ல அமுக்கிப் பாருங்கள். பெட்டி பிரிப்பதிலிருந்து இதுவரை வீடியோ எடுத்துவிட்டால், மாட்டியதால் உடைந்தது என்று அவர்களால் சொல்ல முடியாது.

புதிதாக வார்த்த நகல் டேங்கில் கோளாறு வேறு மாதிரி. பம்ப் துளையின் அளவு சற்றுப் பிசகியிருக்கும். வெர்னியர் அளவுகோலில் அளந்து பழைய டேங்கோடு ஒப்பிடுங்கள். துளை பெரிதென்றால் சிலிக்கான் பூசிச் சமாளிக்க வேண்டாம், அதுவும் பாலிஎத்திலீனில் ஒட்டாது. காதுகள் வண்டியில் உள்ள ஸ்க்ரூ துளைக்கு நேராக வரவில்லை என்றால் இழுத்து முடுக்காதீர்கள், அங்கேதான் முதல் வெடிப்பு விழும். ஃபோக்ஸ்வாகன் பீட்டில்களில் ஸ்டெப்னி டயரின் காற்றழுத்தமே தண்ணீரைத் தள்ளும் மாடல்கள் உண்டு. அவற்றுக்கு அழுத்தம் தாங்கும் டேங்கும் காற்றுப் புகாத மூடியும் வேண்டும். வெறும் நகல் பயன்படாது. வாஷர் டேங்கைக் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) டேங்க் என்று தள்ளிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது இன்னும் ஆபத்து, கொதிக்கும் கூலன்ட்டின் சூட்டையும் அழுத்தத்தையும் அது தாங்காது.

மாட்டும்போது பழைய ஹோஸைப் பிடித்து இழுத்தால் பம்பின் நிப்பிள் (ஹோஸ் மாட்டும் குழாய் முனை) முறியும். பிளேடால் நீளவாக்கில் கீறி எடுங்கள். புது ஹோஸ் முனையை வெந்நீரில் தோய்த்தால் எளிதாக ஏறும். குரோமெட்டுக்குச் சோப்புத் தண்ணீர் போதும், கிரீஸ் வேண்டாம்: குரோமெட் ஈபிடிஎம் என்ற ரப்பர் வகை என்றால் கிரீஸில் உள்ள மினரல் எண்ணெயில் ஊதிவிடும். பம்பை உலர்வாக ஓடவிடாதீர்கள். தண்ணீர் இருந்தும் பலவீனமாகப் பீய்ச்சினால் பிளஸ், மைனஸ் வயர்கள் மாறியிருக்கிறதா பாருங்கள். பாசிட்டிவ் எர்த் உள்ள (பேட்டரியின் பிளஸ் முனையை வண்டியின் உடலோடு இணைத்த) பழைய பிரிட்டிஷ் கார்களில் இது அடிக்கடி நடக்கும்.