மாசி மாதத்து டெல்லி: பார்க்க வேண்டிய கைவினைச் சந்தைகளும் ஓவியக் கூடங்களும்

நம் கணக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். டெல்லிக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. சித்திரை பிறப்பதற்குள் இங்கே வெயில் ஏறிவிடும். இலவ மரங்கள் இலையை உதிர்த்துவிட்டுச் செக்கச்சிவந்த பூக்களோடு நிற்கும் மாசியும் பங்குனியின் முற்பாதியுமே இந்நகரத்தின் வசந்தம். கைவினைச் சந்தைகளையும் ஓவியக் கண்காட்சிகளையும் வியர்க்காமல் சுற்றிப் பார்க்க இதைவிட நல்ல பருவம் கிடையாது. ஆண்டுதோறும் சென்று வரும் அனுபவத்தில், எங்கே அதிக நேரம் ஒதுக்கலாம் என்று இங்கே எழுதுகிறேன்.

ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவர்கள் சூரஜ்குண்ட் மேளா என்னும் கைவினைத் திருவிழாவுக்குச் செல்லுங்கள். டெல்லியின் தெற்கு எல்லையை ஒட்டிய ஃபரீதாபாத்தில் 1987-இல் தொடங்கிய இந்த மேளா வழக்கமாகப் பிப்ரவரியில் நடக்கிறது. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த கற்படிக் குளம் ஒன்றின் பெயரே இதற்கும் வைக்கப்பட்டிருக்கிறது. ஆண்டுதோறும் ஏதேனும் ஓரிரு மாநிலங்களின் கலைகளுக்குத் தனிச்சிறப்பு தருவார்கள். 2013 முதல் இது சர்வதேச மேளாவாகவும் நடத்தப்படுகிறது. பரப்பு பெரியது, கூட்டமும் பெரியது. ஆகவே வார நாளில், காலையில் கடை திறக்கும் நேரத்துக்கே போய்விடுவது நல்லது. கைவினைஞர்களுக்கு அப்போதுதான் நின்று பேச நேரம் இருக்கும்.

பொருளைச் செய்தவரே எதிரில் உட்கார்ந்திருப்பதுதான் இத்தகைய சந்தையின் உண்மையான மதிப்பு என்பேன். நாம் காளத்தி என்று சொல்லும் ஸ்ரீகாளஹஸ்தியிலிருந்து வந்திருந்த, துணியில் கையால் ஓவியம் வரையும் கலம்காரிக் கலைஞர் ஒருவரின் கடையில் ஒருமுறை ஏறத்தாழ ஒரு மணி நேரம் நின்றிருந்தேன். கூராகச் சீவிய மூங்கில் குச்சியின் நுனிக்குச் சற்று மேலே கம்பளித் துணியைச் சுற்றி நூலால் கட்டியிருந்தார். அந்தக் கம்பளி மையைக் குடித்துக்கொள்ள, விரலால் அழுத்த அழுத்த மை நுனிக்கு இறங்கியது. துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நீரில் பல நாள் ஊறவைத்து எடுத்த மை அது. கடுக்காயும் எருமைப்பாலும் சேர்ந்த நீரில் துணியை முன்பே நனைத்து உலர்த்தியிருந்தார்கள். கோடு விழும்போது வெளிறித் தெரிந்தது, கடுக்காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்ததும் கண்ணெதிரே கறுத்தது. மை பரவாமல் தடுப்பது பாலின் கொழுப்பு என்று அவர் விளக்கினார். அவரிடம் வாங்கிவந்த துணியை முகர்ந்தால் இன்றும் கடுக்காய் வாசனை இலேசாக வருகிறது.

இதைப் பார்த்த பிறகுதான், முன்பு வேறொரு நகரத்துச் சந்தையில் கலம்காரி என்று நம்பி நான் வாங்கியது இயந்திர அச்சுத் துணி என்று புரிந்தது. துணியைத் திருப்பிப் பாருங்கள்: கையால் வரைந்ததில் மை மறுபக்கமும் ஊறியிருக்கும், கோட்டின் பருமன் இடத்துக்கு இடம் மாறும். அச்சிட்டதில் பின்பக்கம் பெரும்பாலும் வெளிறிக் கிடக்கும், ஒரே பூ இம்மியும் மாறாமல் திரும்பத் திரும்ப வரும். ஐயம் இருந்தால் கடைக்காரரிடம் செய்முறையைக் கேட்கலாம். செய்தவர் மகிழ்ச்சியோடு சொல்வார்.

மேளாவைத் தவறவிட்டவர்களுக்கு, ஐஎன்ஏ பகுதியில் 1994 முதல் இயங்கும் டில்லி ஹாட் என்னும் கைவினைச் சந்தை இருக்கிறது. மெட்ரோவிலிருந்து இறங்கினால் வாசலிலேயே நிற்கலாம். கைவினைஞர்களுக்குச் சுழற்சி முறையில் கடை ஒதுக்குவதால், இரண்டு மூன்று வாரம் கழித்துப் போனால் வேறு முகங்களையும் வேறு பொருள்களையும் காணலாம். வாங்கும் நோக்கமில்லாமல் பார்க்க மட்டும் விரும்புவோருக்கு, சார்லஸ் கொரியா வடிவமைத்த தேசிய கைவினை அருங்காட்சியகம் ஏற்றது. முற்றங்களின் வழியே நடந்துபோகும்படி அமைந்த அந்தக் கட்டடத்துக்காகவே ஒருமுறை போகலாம்.

ஓவியத்துக்கு வருவோம். பிப்ரவரியில் ஓக்லாவில் நடக்கும் இந்தியா ஆர்ட் ஃபேர் என்னும் கலைக் கண்காட்சி நான்கு நாள்களுக்குள் முடிந்துவிடும். சமகாலக் கலையில் நாட்டமுள்ளவர்களுக்கு அது விருந்து, ஆனால் ஒரு படத்தின் முன் அமைதியாக நிற்க அங்கே வாய்ப்புக் குறைவு. எனக்கு ஜெய்ப்பூர் மாளிகையில் உள்ள நவீனக் கலைக்கான தேசியக் கூடமே நிறைவளிக்கிறது. ஓவியர் அம்ரிதா ஷெர்கில்லின் படைப்புகள் பெரிய அளவில் இருப்பது இங்கேதான். கன்னியாகுமரி வரை தெற்கே பயணம் செய்து திரும்பியபின் 1937-இல் அவர் வரைந்த பிரம்மசாரிகள் ஓவியத்தை வெகுநேரம் பார்த்திருக்கிறேன். வெள்ளை வேட்டியும் பூணூலுமாக உட்கார்ந்திருக்கும் அந்த இளைஞர்களின் மௌனம் நம் ஊர்க் கோயில் மண்டபத்தில் கண்டதுபோலவே இருக்கிறது. இருபத்தெட்டே வயதில், 1941-இல், இதை வரைந்தவர் மறைந்தார் என்பதை அந்தப் படத்தின் முன் நிற்கும்போது ஏற்றுக்கொள்ள மனம் வருவதில்லை.

திங்கட்கிழமைகளில் இந்தக் கூடமும் கைவினை அருங்காட்சியகமும் மூடியிருக்கும். அந்த நாளை லோதி காலனிக்கு வைத்துக்கொள்ளலாம். அரசுக் குடியிருப்புகளின் நெடிய சுவர்களில் 2015 முதல் பல நாட்டு ஓவியர்கள் தீட்டிய படங்களைக் கட்டணமின்றித் தெருவிலேயே நடந்து பார்க்கலாம். வாகனங்கள் வந்து நிற்பதற்கு முன், காலையிலேயே சென்றால் முழுச் சுவரும் தெரியும்.