டிஸ்க் பிரேக் சைக்கிளைச் சேர்விஸுக்குக் கொடுக்கிறவர்கள் கவனத்துக்கு: ஒயில் போத்தலைக் கேட்டுப் பாருங்கள்

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொழும்பில் நல்ல பெயரோடு நடக்கும் ஒரு சைக்கிள் கடையில், என் கிரவல் சைக்கிளின் (மண், கல் பாதைகளுக்கானது) ஹைட்ரோலிக் பிரேக்குக்கு, அதாவது கம்பிக்குப் பதிலாக ஒயில் அழுத்தத்தால் பிடிக்கும் பிரேக்குக்கு, மினரல் ஒயில் விடுவதற்குப் பதிலாக, காருக்கு விடுகிற பிரேக் ஒயிலை விட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு முழுக் காசும் வாங்கினார்கள். அந்தப் பிரேக்கோடு நான் சாமான் மூட்டையும் கட்டிக்கொண்டு மலை இறங்கியிருக்கிறேன். கடையின் பெயரை இங்கே போடவில்லை. முறைப்பாடு கொடுத்திருப்பதால் அது அதன் வழியில் போகட்டும். ஆனால் இதே வேலை வேறு கடைகளிலும் நடக்கக்கூடும் என்பதால், என்ன நடந்தது, எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை விபரமாக எழுதுகிறேன்.

பண்டாரவளைக்கு ரயிலில் போய், அங்கிருந்து பூனாகலை வழியாகத் தோட்டப் பாதைகளில் கொஸ்லந்தைக்கு இறங்கி, தியலும நீர்வீழ்ச்சியைத் தாண்டி வெல்லவாய வரை போவதாகத் திட்டம். இராத்தங்கல் பயணம் என்பதால் ஹாண்டிலில் ஒரு சுருட்டிய பை, பிரேமுக்குள் ஒரு பை, சீட்டுக்குப் பின்னால் ஒரு பை. இந்தச் சுமையோடு இறக்கத்தில் போகும்போது பிரேக்குக்கு எவ்வளவு வேலை இருக்கும் என்பது போனவர்களுக்குத் தெரியும். அதற்காகத்தான் புறப்படுவதற்கு முன் சேர்விஸுக்கே கொடுத்தேன். பிரேக் ஒயில் மாற்ற வேண்டும், டிஸ்க்கைப் பிடிக்கும் பேட் மாற்ற வேண்டும், டியூப்லெஸ் டயருக்குப் புதுச் சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) விட வேண்டும் என்று தெளிவாகச் சொன்னேன். கடை முதலாளி தலையாட்டிக் குறித்துக்கொண்டார். எடுக்கப் போனபோது பில் 18,500 ரூபா. பில்லில் 'ஃபுல் சேர்விஸ்' என்று ஒரே வரி.

கொழும்புக்குள் ஓடும்வரை எதுவும் தெரியவில்லை. இங்கே என்ன இறக்கம் இருக்கிறது? வத்தளையிலிருந்து ஹமில்டன் கால்வாய்க் கரையால் நீர்கொழும்புப் பக்கம் ஓடிப் பார்த்தபோது லீவர் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, அவ்வளவுதான். புது ஒயில், புதுப் பேட் என்றால் முதலில் அப்படித்தான் இருக்கும் என்று கடையிலும் சொல்லியிருந்தார்கள்.

பூனாகலை தாண்டி இறக்கம் தொடங்கியதும் பின் சக்கரத்திலிருந்து உரசுகிற சத்தம். லீவரை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கைப் பிடித்தபடியே இருந்தது. நிறுத்திப் பார்த்தால் டிஸ்க் நீலம் பாய்ந்து, கிட்டக் கையைக் கொண்டுபோனாலே சூடு அடித்தது. ஆறவிட்டு, முன் பிரேக்கை நம்பி மெல்ல இறங்கினேன். அடுத்த வளைவுக்கு முன்னால் முன் லீவரைப் பிடித்தேன்; அது ஹாண்டில்வரை வந்து ஒட்டிக்கொண்டது. சக்கரம் நிற்கவில்லை. காலை ஊன்றி, மேட்டுப் பக்கமாகச் சைக்கிளைச் சாய்த்து, கானுக்குள் விழுந்து நின்றேன். முழங்கையில் தோல் போனதோடு தப்பியது. மறுபக்கம் பள்ளம். 2014 ஒக்டோபரில் மண்சரிவு வந்த மீரியபெத்தை இந்தப் பக்கம்தான். அந்தச் சரிவுகள் எப்படிப்பட்டவை என்று நான் விளக்கத் தேவையில்லை.

தோட்டத்து ஓட்டோக்காரர் ஒருவர் நிறுத்தினார். "இத உருட்டிக்கிட்டு இனி எங்க சார் போறது? ஏத்துங்க, கொஸ்லந்தையில விடுறேன்" என்று சொல்லி, அவரே பைகளைக் கழற்றி உள்ளே வைத்தார். ஒரு சக்கரத்தைக் கழற்றி, சைக்கிளைப் பின் சீட்டில் குறுக்காக வைத்துக் கட்டினோம். வழியில் தன் வீட்டில் நிறுத்தி, புண்ணைக் கழுவத் தண்ணீரும் பிளேன்டீயும் கொடுத்தார். காசு நீட்டியபோது பெற்றோலுக்கு மட்டும் எடுத்துக்கொண்டார். பயணம் அதோடு முடிந்தது. அங்கிருந்து பஸ் பிடித்துக் கொழும்புக்கு வந்துவிட்டேன்.

வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டிலேயே சைக்கிள் வேலை செய்கிறார். அவர் லீவருக்கு மேலிருக்கிற சின்ன மூடியின் திருகாணியைக் கழற்றியதும், "இது என்ன நிறம்?" என்று கேட்டார். என் பிரேக் ஷிமானோ கம்பனியுடையது. ஷிமானோவின் மினரல் ஒயில் வழக்கமாக இளஞ்சிவப்பாக இருக்கும். உள்ளே இருந்தது மங்கிய மஞ்சள். சிரிஞ்சில் கொஞ்சம் உறிஞ்சி, மேசையில் இருந்த தண்ணீர்க் கிளாஸுக்குள் ஒரு சொட்டு விட்டார். அது கீழே இறங்கி, இழை இழையாகப் பிரிந்து, தண்ணீரோடு கலந்து காணாமல் போய்விட்டது. பிறகு இன்னொரு கிளாஸில் தன்னிடமிருந்த மினரல் ஒயிலில் ஒரு சொட்டு. அது கண்ணாடிப் பொட்டுப் போல மேலேயே மிதந்தது. இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இதற்குக் காரணம் இதுதான். ஹைட்ரோலிக் பிரேக்கில் இரண்டு வகை ஒயில் உண்டு. பிரேக் செய்கிற கம்பனிகளில் ஷிமானோ, மகுரா, டெக்ட்ரோ எல்லாம் மினரல் ஒயில். ஸ்ராம் பெரும்பாலும் டொட் 4 அல்லது 5.1, அதாவது கார், மோட்டார் சைக்கிளுக்கு விடும் இனம். ஸ்ராமின் சில புது மாடல்கள் மாத்திரம் மினரலுக்கு மாறியிருக்கின்றன. ஒன்றுக்காகச் செய்த ரப்பர் சீல் மற்றதில் நனைந்தால் ஊதிப்போகும். ஊதிய சீல், பேட்டைத் தள்ளும் பிஸ்டனைப் பின்னால் இழுக்காது. அதனால்தான் பேட் டிஸ்க்கை விடாமல் உரசிச் சூடேறியது. லீவருக்குள் இருக்கும் சீல் கெட்டால் அழுத்தமே நிற்காது. அதுதான் முன் பிரேக்குக்கு நடந்தது. உடனே தெரியாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுவதுதான் இதில் ஆபத்து. கடையில் லீவரைப் பிடித்துப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும்.

கழுவிவிட்டுச் சரியான ஒயிலை விட்டால் போதாதா என்று கேட்டேன். சீல் ஊதிய பிறகு போதாது. ஷிமானோ அந்தச் சீல்களைத் தனியாக விற்பதில்லை. பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் கலிப்பரையும் லீவரையும் முழுதாகத்தான் மாற்ற வேண்டும். விலை விசாரித்தால், முன்னும் பின்னும் சேர்த்து ஒரு இலட்சம் ரூபாவைத் தாண்டியது. ஒயிலில் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாவுக்காக!

மிச்சத்தையும் திறந்து பார்த்தோம். பேட் பழையதுதான், மேலே மணற்கடதாசி போட்டுத் தேய்த்திருந்தார்கள், கோடுகள் அப்படியே தெரிந்தன. டயருக்குள் காய்ந்துபோன பழைய சீலன்ட் தோல்தான் இருந்தது, ஒரு சொட்டு ஈரம் இல்லை. கொழும்புச் சூட்டில் சீலன்ட் சில மாதங்களில் காய்ந்துவிடும். அது கடைக்குத் தெரியாததல்ல.

கடைக்குப் போனேன். முதலாளி முதலில், "தம்பி, பிரேக் ஒயில் எண்டா எல்லாம் ஒண்டுதான்" என்றார். லீவர் மூடியிலேயே மினரல் ஒயில் மட்டும் விடும்படி அச்சடித்திருப்பதைக் காட்டினேன். அப்புறம் கதை மாறியது. நான் வேறு எங்காவது கொடுத்திருப்பேன், மழையில் ஓட்டியிருப்பேன், சாமான் பாரம் கூடிப்போயிருக்கும் என்று அடுக்கினார். வேலை செய்த பையனைக் கூப்பிட்டார்கள். அவனுக்கு இருபது வயதுகூட இருக்காது. எந்தப் போத்தல் என்று கேட்டதும் அலுமாரியைக் காட்டினான். அங்கே இருந்தது ஒரே ஒரு போத்தல், வாகன உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும் டொட் 4. அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. 2022இல் பெற்றோல் வரிசைக் காலத்தில் கொழும்பே சைக்கிளில் ஏறியது. அதற்குப் பிறகு விலைகூடிய சைக்கிள்களும் இந்தக் கடைகளுக்கு வரத் தொடங்கின. கம்பி பிரேக்கில் கை பழகிய ஒருவரிடம் ஹைட்ரோலிக்கைக் கொடுத்து 'செய்' என்று சொன்னது முதலாளி. காசை வாங்கியதும் அவர்தான். பேட் மாற்றாமல் மாற்றியதாகக் காசு வாங்கியது அறியாமையும் அல்ல, அது களவு. அதற்கு அவரிடம் பதிலே இல்லை. "அடுத்த சேர்விஸ் ஃப்ரீயாச் செய்து தாறன்" என்றார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பொருளை வாங்கியோ சேவையைப் பெற்றோ மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். விபரம் கேட்க 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். அங்கே முதலில் கேட்டதே பில்தான். 'ஃபுல் சேர்விஸ்' என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு எந்த ஒயில், எந்தப் பேட் என்று நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது விளங்கியது. ஆகவே பில்லில் ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாக எழுதக் கேளுங்கள்: என்ன ஒயில், எந்தப் பேட், எத்தனை மில்லி சீலன்ட். எழுத மாட்டோம் என்கிற கடையில் சைக்கிளை விடாதீர்கள். கழற்றிய பழைய பேட்டையும் கையில் கேட்டு வாங்குங்கள். கடை தரத் தயங்கினால் காரணம் உங்களுக்கே தெரியும்.

போத்தல் விஷயத்தில் வெட்கப்பட வேண்டாம். வேலை தொடங்குமுன் "எந்த ஒயில் விடுவீங்க, போத்தலைக் காட்டுங்க" என்று கேளுங்கள். ஒழுங்கான மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். வெள்ளவத்தைக்காரர் நான் கேட்காமலே காட்டினார். முடிந்தால் மினரல் ஒயிலை நீங்களே வாங்கிக் கொண்டுபோங்கள், சின்னப் போத்தலிலும் வருகிறது. சிரிஞ்சும் முக்கியம்: டொட் ஒயிலுக்குப் பாவித்த சிரிஞ்சையே கழுவாமல் மினரலுக்கும் பாவிக்கிற இடங்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் வெவ்வேறு சிரிஞ்ச் வேண்டும்.

என் சைக்கிளுக்கு இப்போது கம்பி டிஸ்க் பிரேக் போட்டிருக்கிறேன். ஹைட்ரோலிக் லீவரோடு கம்பி கலிப்பர் பொருந்தாது என்பதால் வழக்கமாக இது வீண் செலவு. எனக்கு லீவரும் சேர்ந்தே போய்விட்டதால், பாவித்த கம்பி லீவர்களை வாங்கி மாற்றுவது மலிவாக வந்தது. லீவரைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்திப் பிடிக்க வேண்டும், பேட் தேயத் தேயக் கையால் சரிசெய்ய வேண்டும். ஆனால் சைக்கிள் கடைகள் உள்ள கொழும்பு டாம் வீதியில் மட்டுமல்ல, கொஸ்லந்தை மாதிரி ஊரிலும் ஒரு பிரேக் கம்பி கிடைக்கும். பைகளோடு உள்ளூர்க் கிரவல் பாதைகளில் நாள் கணக்கில் போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். கொழும்பைச் சுற்றி ஓடுகிறவர்கள் ஹைட்ரோலிக்கை மாற்றத் தேவையில்லை, சரியான கையில் கொடுத்தால் அது அருமையான பிரேக்.

இந்த மாதங்களில் எங்காவது பிரேக் ஒயில் மாற்றியிருந்தால், இறக்கம் உள்ள இடத்துக்குப் போகுமுன் பாருங்கள். லீவரை விட்டதும் சக்கரம் தடையில்லாமல் சுற்றுகிறதா, லீவர் உடனே திரும்பி வருகிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால், தெரிந்த ஒருவரைக் கொண்டு ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விடுங்கள். ஷிமானோ பிரேக்கில் அந்தச் சொட்டு கரைந்தால் அந்தச் சைக்கிளை ஓட்டாதீர்கள், உருட்டிக்கொண்டே போங்கள். அந்த ஒயில் பிரேமில் பட்டால் பெயின்டையும் தின்றுவிடும்; உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, பில்லையும் போத்தலின் படத்தையும் பத்திரமாக எடுத்து வையுங்கள்.